வீட்டிலேயே கார் கட்டுவதும் ஷெட்டில் குழி வெட்டுவதும்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஒரு வசதி உண்டு. வீட்டின் பின்பக்கம் அடுத்த தெருவரை போகும். அங்கே பழைய கார் ஷெட் ஒன்று பூட்டிக் கிடக்கும். இன்ஜினியரிங் படித்துவிட்டு வரும் பிள்ளைகளும், வேலை ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பியவர்களும் அந்த ஷெட்டைப் பார்த்ததும் கேட்கும் கேள்விகள் இவை. நான் கார் வேலை தெரிந்தவன், குழி வேலையும் பார்த்தவன். குழி என்று சொல்வது, காருக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஷெட் தரையில் வெட்டும் பள்ளத்தை. காரைவிடக் குழியைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறேன். கார் தப்பாக வந்தால் பிரித்து மறுபடி கட்டலாம். குழி தப்பாக வந்தால் உள்ளே நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

கிட் கார் என்றால் என்ன?

சேஸியும் (காரின் அடிச்சட்டம்) உடலும் தனியாக வாங்கி அல்லது செய்து, இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் போன்றவற்றை ஒரு பழைய காரிலிருந்து எடுத்துப் பூட்டி நாமே முடிக்கும் கார். இங்கிலாந்தில் 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அந்த நாட்டில் முழு காருக்கு விற்பனை வரி, பிரித்து வாங்கும் பாகங்களுக்கு வரி இல்லை என்ற நிலை இருந்ததால்தான் இந்தப் பழக்கம் பரவியது. 1973-ல் வரிமுறை மாறியது. அதே ஆண்டில் அந்த காரைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. இன்றும் அதே வடிவத்தில் செய்கிறார்கள். நம் நாட்டில் அந்தச் சாயலில் சின்காரா நிறுவனம் ரோட்ஸ்டர் ஒன்றைச் செய்தது. அதில் இருந்தது அம்பாசடரில் வந்த இசுசு 1.8 லிட்டர் இன்ஜின்.

கட்டி முடித்தால் ரோட்டில் ஓட்டலாமா?

முடியாது. கம்பி வெட்டுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பலரும் வண்டி முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

புதிதாக ஒரு வண்டியைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், அந்த மாடல் மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி சோதனை நிலையத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிலையம், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள நிலையம் போன்றவை இதைச் செய்கின்றன. அந்தச் செலவு தொழிற்சாலைகளுக்குத்தான் கட்டும். ஒரே ஒரு கார் செய்யும் தனி ஆளுக்குக் கட்டாது. இங்கிலாந்தில் தனி ஒரு வண்டிக்கு ஒப்புதல் தரும் சோதனை உண்டு. நம்மிடம் தனியாள் போய் நிற்கும்படி அப்படி ஒரு வழி இல்லை.

"பழைய மாருதியின் ஆர்.சி. இருக்கிறதே, அந்த சேஸி நம்பரை வெட்டி எடுத்து இதில் ஒட்டிவிட்டால்?" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது மோசடி, செய்யவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் பிடிப்பதைவிடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். விபத்தில் ஒருவருக்கு அடிபட்டால் நஷ்ட ஈடு முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

பிரித்த காரின் ஆர்.சி.யை அப்படியே பீரோவில் வைத்திருப்பதும் சரியில்லை. வண்டி இனி ஓடாது என்பதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ரத்து செய்ய வேண்டும் என்று 55-வது பிரிவு சொல்கிறது.

அப்புறம் எதற்காகக் கட்ட வேண்டும்?

கற்றுக்கொள்ள. அதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. சொந்தத் தோப்பிலும் ரேஸ் டிராக்கிலும் ஓட்டலாம். கோயம்புத்தூரில் கரி ஸ்பீடுவே இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. ஆனால் அங்கே ஓட்ட அவர்களுடைய பாதுகாப்புச் சோதனையில் வண்டி தேற வேண்டும். கல்லூரி மாணவர்களாக இருந்தால் எஸ்.ஏ.இ. இந்தியா என்ற வாகன இன்ஜினியர்கள் சங்கம் மாணவர்களுக்காக நடத்தும் பாஹா, சுப்ரா என்ற கார் கட்டும் போட்டிகளில் குழுவாகச் சேருங்கள். விதிப்புத்தகமே ஒரு நல்ல ஆசிரியர்.

ரோட்டில் ஓட்டியே ஆகவேண்டும் என்ற ஆசை இருந்தால், உங்கள் வீட்டு ஷெட்டிலோ பங்காளி வீட்டு ஷெட்டிலோ நிற்கும் பழைய காரைச் சரிசெய்யுங்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருந்தால், 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். தினமும் கடைக்குப் போக அந்தப் பதிவு உதவாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, வேலை பார்க்க எடுத்துப் போகலாம். குழி பற்றிக் கீழே சொல்வது அத்தனையும் அந்த வேலைக்கும் பொருந்தும்.

எந்தக் காரிலிருந்து இன்ஜின் எடுப்பது நல்லது?

முன்னால் இன்ஜின், பின்சக்கர ஓட்டம் என்ற செவன் வடிவத்துக்கு மாருதி ஆம்னி நல்ல தேர்வு. 796 சிசி இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், பின் ஆக்சிலும், அதற்குச் சக்தியைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்டும் அதே வண்டியில் கிடைக்கும். சக்தி சுமார் 35 குதிரைத் திறன்தான். 500 கிலோ எடையுள்ள காருக்கு, முதல் முறை கட்டுகிறவருக்கு அது போதும், பாதுகாப்பும் கூட. மாருதி 800-ல் அதே இன்ஜின் குறுக்குவாக்கில் இருக்கும், முன்சக்கர ஓட்டம். அதை அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைக்கும் வடிவத்துக்குத்தான் பொருந்தும்.

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கிடைத்தால் அதை வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1961 முதல் சென்னையில் செய்த கார் அது. தனி சேஸி இருப்பதால் இங்கிலாந்தில் அதன் அண்ணனான ட்ரையம்ப் ஹெரால்டுகளின் மேல் எத்தனையோ கிட் உடல்கள் ஏறின. இங்கே எஞ்சியிருப்பவை குறைவு. அவற்றைக் காப்பாற்றுவதே நல்லது.

சேஸியை நம்ம ஊர் பட்டறையிலேயே வெல்டு பண்ணலாமா?

பண்ணலாம், ஆள் சரியாக இருந்தால். செவன் வகை சேஸி 25 மி.மீ. ஸ்கொயர் டியூப், 1.6 மி.மீ. தகடு. கேட் செய்யும் ஆர்க் வெல்டிங்கில் இந்தத் தகடு ஓட்டை விழும், அல்லது மேலே அழகாக ஒட்டி உள்ளே பிடிக்காமல் இருக்கும். மிக் அல்லது டிக் வெல்டிங் (காஸ் விட்டுக்கொண்டே பற்றவைக்கும் முறைகள்) தெரிந்தவரைப் பிடியுங்கள். தட்டையான கனமான மேஜை ஒன்று செய்து, எல்லா இணைப்பையும் முதலில் சின்னச் சின்னப் புள்ளியாக வெல்டு வைத்துப் பிடித்து, குறுக்கு அளவுகள் இரண்டும் சமமா என்று பார்த்த பிறகுதான் முழு வெல்டு. ஒரே மூலையில் தொடர்ந்து வைத்தால் சூட்டில் சேஸி முறுக்கிக்கொள்ளும். அலுமினியத் தகட்டு வேலைக்கும் ஃபைபர் வேலைக்கும் பஸ் பாடி கட்டும் கரூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். பழைய பாகங்களுக்கு மதுரை, திருச்சி, முடியாவிட்டால் சென்னைப் புதுப்பேட்டை.

எதில் சிக்கனம் பார்க்கக்கூடாது?

பிரேக், ஸ்டீயரிங், பெல்ட் பிடிக்கும் இடம், உருண்டால் தலையைக் காக்கும் வளையம். பிரேக் பைப்பை டபுள் ஃப்ளேர் செய்துதான் (முனையை விரித்து இரட்டையாக மடித்துதான்) இணைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நட்டு ஆகாது. சஸ்பென்ஷனுக்கு 8.8 என்று தலையில் பொறித்த போல்ட் மட்டும். பழைய காரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட் எல்லாம் புதிது மாற்றிவிடுங்கள்.

குழி அவசியமா? ஸ்டாண்டோ லிஃப்டோ போதாதா?

ஒரே ஒரு கார் கட்டுவதற்கு மட்டும் என்றால் அவசியமில்லை. சேஸி வேலை மேஜை மேல் நடக்கும், மீதிக்கு நல்ல ஸ்டாண்டுகள் நான்கு போதும். (ஜாக்கி மேல் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது, ஒரு நிமிஷம்கூட.) ஷெட் உயரமாக இருந்தால் இரண்டு தூண் லிஃப்ட் நல்லது. ஆனால் நம் ஊர் பழைய ஷெட்டுகளில் ஓட்டுக்கூரை தாழ்வாக இருக்கும், தரையும் லிஃப்ட் தூணைத் தாங்காது. வருஷக்கணக்கில் இரண்டு மூன்று வண்டி வைத்துப் பார்க்கப் போகிறவர்களுக்குக் குழி நியாயமானது. அப்படியானால் கார் வேலை ஆரம்பிக்கும் முன்பே குழியை முடித்துவிடுங்கள். பாதிக் காரை வைத்துக்கொண்டு ஷெட்டைத் தோண்ட முடியாது.

எந்த மாதம் தோண்டுவது, எந்த இடத்தில்?

பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவில் தோண்டுங்கள். நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். அதற்குள் கான்கிரீட் நன்றாக இறுகி, கசிவு பார்த்து முடிந்திருக்க வேண்டும். ஊருணி, கண்மாய்க்கரை ஓரத்து வீடு என்றால் போன மழையில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு மேலே வந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். தரைக்குக் கீழே மூன்று நாலு அடிவரை ஏறி வந்தது என்றால் அந்த இடத்தில் குழி வேண்டாம்.

இடம் பார்க்கும்போது முக்கியம் அஸ்திவாரம். நம் வீடுகள் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை, சுவர் கனம், பாரம் அதிகம். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பது பல வீடுகளில் தெரியாது. அதன் அடியிலிருந்து 45 டிகிரி சரிவாக ஒரு கோடு இழுத்தால், குழி அந்தக் கோட்டுக்குள் நுழையக்கூடாது. ஆழம் தெரியாதபோது, தோண்டும் ஆழம் ஆறடி என்றால் சுவரிலிருந்து ஆறடிக்கு மேல் தள்ளி வையுங்கள். அவ்வளவு இடம் ஷெட்டில் இல்லையா? அப்படியானால் அந்த ஷெட்டில் குழி கிடையாது. பின்பக்கக் காலி இடத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வீடு ஒரே புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு) சொந்தமா, பல புள்ளிகளுக்குப் பொதுவா? பொது வீட்டில் தோண்டுவதற்கு எல்லாப் பங்காளிகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் திருவிழாவுக்கு வந்து குழியைப் பார்த்த பிறகு பேசுவதைவிட அது எல்லோருக்கும் மரியாதை.

அளவு என்ன?

உள் அளவு நீளம் 4.2 மீட்டர், அகலம் 80 செ.மீ., ஆழம் 1.5 மீட்டர். இதற்குக் காரணம் சொல்கிறேன். மாருதி 800-ன் சக்கர இடைவெளி சுமார் 1.2 மீட்டர், டயர் அகலம் 145 மி.மீ. அப்படியானால் இரண்டு டயருக்கும் உள்ளே கிடைப்பது சுமார் 105 செ.மீ. குழி 80 என்றால் பக்கத்துக்கு 12 செ.மீ.தான் மிஞ்சும். அதைவிட அகலம் வைத்தால் வண்டி ஏற்றும்போது சக்கரம் விழும், குறைத்தால் உள்ளே திரும்ப முடியாது. நீளம் காரைவிட அதிகம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே கார் நிற்கும்போது வெளியே வர வழி இருக்காது. படி இருக்கும் பக்கம் எப்போதும் திறந்தே இருக்கட்டும். ஆழம் உங்கள் உயரத்தில் 10 செ.மீ. குறைவாக இருந்தால் சரி. வீட்டில் குள்ளமானவரும் வேலை பார்ப்பார் என்றால் அடியில் மரப்பலகை போட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

எங்கள் மண் முழுக்கச் செம்புராங்கல். ஜே.சி.பி. வேண்டுமா?

ஷெட்டுக்குள் ஜே.சி.பி. போகாது, போனாலும் பழைய சுவர் ஓரத்தில் அதை விடக்கூடாது. கடப்பாரையும் சிறிய கரண்ட் பிரேக்கரும் போதும். செம்புராங்கல் மண்ணுக்குள் இருக்கும்வரை வெட்ட இணங்கும், வெளிக்காற்று பட்டுக் காய்ந்தால் இறுகிவிடும். அதனால் தோண்ட ஆரம்பித்தால் விட்டுவிட்டுச் செய்யாமல் ஒரே மூச்சில் முடிப்பது லேசு.

வெளி அளவு 4.6 × 1.2 மீட்டர், ஆழம் 1.8 மீட்டர் என்று எடுத்தால் சுமார் 10 கன மீட்டர். அதாவது மூன்றரை யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). தோண்டிய மண் உப்பும், நாலு நாலரை யூனிட் ஆகும். எங்கே கொட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், குழி ஓரத்தில் மட்டும் குவிக்காதீர்கள்.

கல் இறுக்கமாக நிற்கிறதே என்று முட்டுப் பலகை இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். கல்லுக்கு நடுவில் மண் பட்டை ஓடும், அது சொல்லாமல் சரியும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். நெஞ்சளவு ஆழம் தாண்டியதும் இரண்டு பக்கமும் பலகை, குறுக்கே சட்டம். தோண்டுகிறவர் கூலிக்கு வந்தவர், அவர் உயிருக்குப் பொறுப்பு நாம்.

செம்புராங்கல்லோ செங்கல்லோ வைத்துச் சுவர் எழுப்பினால் செலவு குறையுமே?

குறையும், ஆனால் தண்ணீர் உள்ளே வரும். செம்புராங்கல்லில் துளைகள் அதிகம். மழைக்காலத்தில் தண்ணீர் அதன் வழியாக நடந்து வரும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர்தான் சரி. அதுவும் 20 செ.மீ. கனத்தில்.

இந்தக் கனம் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். சுற்றிலும் மண் தண்ணீரில் ஊறி நிற்கும்போது காலிக் குழி ஒரு படகு மாதிரி மேலே எழும்பப் பார்க்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவரும் அடித்தளமும் 20 செ.மீ. என்றால் வெளி அளவு 4.6 × 1.2 × 1.7, சுமார் 9.4 கன மீட்டர். தண்ணீர் தரைமட்டம்வரை வந்தால் தூக்கும் விசை 9.4 டன். கான்கிரீட் சுமார் 4.3 கன மீட்டர், எடை 10.8 டன். குழி அசையாது. சிக்கனம் பார்த்து எல்லாம் 10 செ.மீ. என்று வைத்தால்? தூக்குவது 7 டன், கான்கிரீட் எடை 5 டன். குழி எழும்பும், தரை வெடிக்கும், பக்கத்துச் சுவரில் விரிசல் விடும்.

அடியில் 10 செ.மீ. வெறும் கான்கிரீட் பரப்பி, அதன் மேல் எம் 25 கான்கிரீட். 10 மி.மீ. கம்பி 15 செ.மீ.க்கு ஒன்று, இரண்டு வாக்கிலும். கம்பிக்கு மேல் 4 செ.மீ. கான்கிரீட் மூடல். அடித்தளமும் சுவரும் சேரும் இடத்தில் வாட்டர் ஸ்டாப் பட்டை வைக்காமல் விடாதீர்கள், கசிவு பெரும்பாலும் அங்கேதான். டயர் பாதி சுவர் மேலும் பாதி வெளியேயும் நிற்கும். அதனால் ஷெட் தரையின் கான்கிரீட்டையும் சுவர்க் கம்பியோடு கட்டிச் சேர்த்து வாருங்கள். விளிம்புக்கு ஆங்கிள் இரும்பு பதியுங்கள். உங்கள் மண்ணை ஒரு சிவில் இன்ஜினியர் நேரில் பார்த்துக் கம்பி அளவை உறுதி செய்ய வேண்டும்.

கான்கிரீட் வார்க்க அடித்த பலகையைப் பிரித்த பிறகு குழி நிறையத் தண்ணீர் விட்டு ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துங்கள். கியூரிங்கும் ஆகும், மட்டம் இறங்குகிறதா என்று கசிவும் தெரியும். ஒரு மூலையில் ஒரு அடிக்கு ஒரு அடி சின்னத் தொட்டி விட்டால் பிறகு தண்ணீரை மோட்டார் வைத்து எடுக்கலாம். எண்ணெய் கலந்த தண்ணீரைக் கிணற்றுப் பக்கமோ ஊருணி வாய்க்காலிலோ விடவே கூடாது.

குழிக்குள் காற்று பற்றி எச்சரிக்கிறார்களே, அவ்வளவு ஆபத்தா?

ஆம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். கார்புரேட்டரிலிருந்து சொட்டினால் ஆவி நேராகக் குழிக்குள் இறங்கி அங்கேயே நிற்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். சமையல் காஸும் காற்றைவிடக் கனம். காஸில் ஓடும் ஆம்னியைக் குழி மேல் ஏற்றாதீர்கள், சிலிண்டரைக் கழற்றிவிட்டுத்தான். சி.என்.ஜி. லேசானது, மேலே போகும். அதற்குக் கூரையில் வழி வேண்டும்.

பலருக்குத் தெரியாதது வெல்டிங் காஸ். மிக் வெல்டிங்கில் வரும் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் காற்றைவிடக் கனமானவை. வாசனை கிடையாது. குழியின் ஓரத்தில் நாள் முழுக்கச் சேஸி வெல்டு செய்தால் அவை உள்ளே தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். இறங்குகிறவர் மயங்கி விழுவார், தூக்க இறங்குகிறவரும் விழுவார். செப்டிக் டேங்கில் அடுத்தடுத்து ஆட்கள் போகும் செய்திகளை நாம் படிக்கிறோமே, அதே ஆபத்துதான்.

அதனால், வெல்டிங் மேஜையைக் குழியிலிருந்து தள்ளி வேறு மூலையில் போடுங்கள். பெட்ரோல் டேங்க் கழற்றுவது வெளியே வெட்டவெளியில். ஆள் உள்ளே இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. காற்றுக்கு நாலு அங்குல பி.வி.சி. குழாயைக் குழியின் அடிவரை இறக்கி, ஷெட்டுக்கு வெளியே வைத்த புளோயரால் சுத்தமான காற்றை உள்ளே தள்ளுங்கள். குழிக்காற்றை உறிஞ்சும்படி சாதாரண ஃபேன் வைத்தால் பெட்ரோல் ஆவி மோட்டார் பொறி வழியாகப் போகும். இறங்கும் முன் பத்து நிமிஷம் ஓடட்டும். வீட்டில் ஒருவருக்கு நீங்கள் உள்ளே இருப்பது தெரிந்திருக்கட்டும்.

லைட்டுக்கு என்ன செய்வது?

12 வோல்ட் எல்.இ.டி., தண்ணீரும் தூசியும் புகாத மூடியோடு, சுவரில் பள்ளம் விட்டுப் பதித்தது. சுவிட்ச், பிளக் எதுவும் குழிக்குள் வேண்டாம், எல்லாம் மேலே. ஷெட் முழுக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) போடுங்கள். 230 வோல்ட் குண்டு பல்பை ஒயரில் தொங்கவிட்டு இறங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல்பு உடையும் பொறி போதும்.

பாம்பு, தேள்? குழந்தைகள்?

மூடி வையுங்கள். ஒன்றரை அங்குல மரப்பலகைத் துண்டுகளை ஆங்கிள் விளிம்பில் உட்காரும்படி வெட்டி, இடைவெளி இல்லாமல் அடுக்கினால் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே தீர்வு. ஒரு மாதம் மூடியிருந்த குழியில் இறங்கும் முன் டார்ச் அடித்து எல்லா மூலையையும் பாருங்கள். லீவுக்குப் பிள்ளைகள் வரும் நாட்களில் ஷெட்டைப் பூட்டியே வையுங்கள்.

வீட்டில் ஆச்சி, கன்னி மூலையில் (தென்மேற்கு மூலையில்) பள்ளம் ஆகாது என்கிறார்கள்.

இரண்டு இடம் சாத்தியம் என்றால் அவர்கள் மனம் ஒப்பும் இடத்தில் தோண்டுங்கள், நல்ல நாள் பார்த்துப் பூமி பூஜையும் போடுங்கள். அஸ்திவார தூரமும் தண்ணீர் மட்டமும் சரியாக இருக்கிற இடங்களுக்குள்தான் அந்தத் தேர்வு இருக்க வேண்டும்.

ஷெட் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா?

வேண்டாம். அது சிமெண்ட் கல், எண்ணெயை உறிஞ்சிக் கறை பிடிக்கும், ஜாக்கி வைத்தால் உடையும். அது பட்டாசாலையில் (வீட்டுக் கூடத்தில்) இருக்கட்டும். ஷெட்டுக்குச் சொரசொரப்பான கான்கிரீட்.

குழி மேல் நிறுத்தினால் கார் அடியில் துருப் பிடிக்குமா?

ஈரம் இருந்தால் பிடிக்கும். வேலை இல்லாதபோது பலகையை மூடி, காரைக் குழி மேல் இல்லாமல் தள்ளி நிறுத்துங்கள். வெல்டு செய்த சேஸியை அன்றே ஜிங்க் பிரைமர் அடித்துவிட வேண்டும், டியூப்பின் திறந்த முனைகளை அடைத்துவிட வேண்டும். துருவைப் பற்றி ஆழமாகப் படிக்க ஆசைப்படும் மாணவர்களுக்குக் காரைக்குடியைவிட நல்ல ஊர் ஏது? அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பில்தான் பெயர் வாங்கியது.

பிற்காலத்தில் வீடு பாகம் பிரிந்தால், குழியை மூட முடியுமா?

முடியும். முதலில் எண்ணெய்க் கறையைத் துடைத்து எடுங்கள். அடித்தளத்தில் நாலைந்து இடத்தில் துளை போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும். அடியில் ஒரு அடி ஜல்லி, அதன் மேல் கிராவல் மண்ணை ஒரு சாணுக்கு ஒரு சாண் நனைத்துத் திமிசு போட்டு நிரப்புங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடுத்த மழையில் இறங்கும். மேலே ஒரு அரை அடிக்குக் கம்பி வலையோடு கான்கிரீட். குழி இருந்த இடத்தையும் அளவையும் வீட்டு வரைபடத்தில் குறித்து, பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.